சாட்சிப் புள்ளி

நல்ல வாய்ப்புதானே என்று சொன்னேன். காலையில், ஃபேக்டரி கேட்டுக்குப் பக்கத்தில், ஆட்டோவிலிருந்து என் மஞ்சள் கருவிப் பெட்டியை நாச்சிமுத்து இறக்கும்போது. வேறு யாராவது சொல்லியிருந்தால் போகிறது, நான் சொன்னேன். என் வாயில் சனி. ஞாயிறு தவறாமல் சர்ச்சில் முழங்கால் போடுகிறவள் சனியைப் பற்றிப் பேசக் கூடாதுதான், ஆனால் அதற்கு வேறு வார்த்தை எனக்கு வரவில்லை. பன்னிரண்டு முப்பத்தொன்று. முதல் புள்ளி திரையில் பச்சை, அளவு பதிந்துவிட்டது. எதிரே பம்பு ஓடுகிறது, ஆள் உயரத்துக்குச் செங்குத்தாக நிற்கிற புதுப் பம்பு, ஓடினால் நடுங்குகிறது, ஏன் நடுங்குகிறது என்று கண்டுபிடிக்கத்தான் சென்னையிலிருந்து என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். ஸ்டாண்டில் நிற்கிற என் கருவியிலிருந்து ஒரு சிவப்பு வெளிச்சம் போய்ப் பம்பின் வயிற்றில் பொட்டு மாதிரி விழுகிறது, எட்டு நொடி நிற்கிறது, பிறகு ஒரு விரற்கடை தள்ளிப் போய் மறுபடியும் நிற்கிறது. போன வெளிச்சம் திரும்பி வரும்போது கொஞ்சம் மாறி வரும். அந்த மாற்றத்தை வைத்து அந்த இடத்தில் இரும்பு எவ்வளவு அசைகிறது என்று கருவி சொல்லிவிடும். தலைமுடியை எழுபதாகக் கிழித்தால் வருகிற இழை இருக்கிறதே, அந்த அளவு அசைந்தாலும் தெரியும், அதற்குக் கீழேயும் தெரியும். தொட வேண்டாம். தொடாமல் அளப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். இருநூற்றெண்பத்தாறு புள்ளி, ஒவ்வொன்றுக்கும் எட்டு நொடி, முப்பத்தெட்டு நிமிடம். சாப்பாட்டு நேரம், பக்கத்து ஷெட்டில் பிரஸ்கள் நிற்கின்றன, தரை அதிராமல் சும்மா இருக்கிறது. இந்தப் பக்கம் குட்டை ஸ்டூலில் நான். புதுக் குழாய் ஒன்று வந்து இடத்தை அடைத்துக்கொண்டதால் காலை மடக்கி, ஸ்டாண்டை ஒட்டி உட்கார்ந்திருக்கிறேன். பம்புக்கு அந்தப் பக்கம் கவிழ்த்த மரப்பெட்டி மேல் நாச்சிமுத்து, இந்த இடத்தின் ஃபோர்மன். அவருடைய நீலச் சட்டைப் பையில் நான்காக மடித்த ஒரு கடிதம் இருக்கிறது. இரண்டு மணிக்குள் அதை ஆபீஸில் கொடுத்துவிட்டால் அவர் வடக்கே ராஜ்கோட்டுக்குப் போய்விடுவார்.

"ராஜ்கோட் ஃபேக்டரிக்கு வரச் சொல்றாங்க மேடம்," என்றார் பெட்டியைத் தோளில் ஏற்றிக்கொண்டு. "போனா அங்கியே இருந்துக்கோணுமுங்க. சம்மதம்னு கையெழுத்துப் போட்டு இன்னிக்கு ரெண்டு மணிக்குள்ள குடுக்கோணும். தாண்டுச்சுன்னா வேற ஆளப் போட்டுருவாங்க." நாலு எட்டு நடந்தார். பிறகு என்னைப் பார்க்காமல், "என்ன பண்ணட்டுமுங்க?" என்றார். ஈரோட்டில் கட்டிக்கொடுத்த மகள் இருக்கிறாள், மச்சினன்மார் இருக்கிறார்கள், கூடவே இருபது வருடம் வேலை பார்த்தவர்கள் இருக்கிறார்கள். கேட்டது என்னை. ஆறு மாதத்துக்கு ஒரு தடவை பெட்டியோடு வந்து இறங்கி, சாயங்காலம் ரயில் ஏறுகிற என்னை. நான் என்ன செய்தேன், பல்லைக் காட்டினேன். நல்ல வாய்ப்புதானே, புது ஊர், புது மிஷின், போய்ப் பாருங்களேன். "சரிங்க," என்றார். அந்தச் சரிங்கவுக்குப் பிறகு அவர் நடை மாறியதா, தோள் ஒரு நூல் இறங்கியதா, இல்லை பெட்டி கனமா. இரும்பு அசைவதை நான் சொல்வேன், மனுசன் அசைவது எனக்குப் பிடிபடவே இல்லை. நாற்பத்தைந்து வயது, எஸ்தர் கனகமணி, பாளையங்கோட்டையில் பிறந்து கொளத்தூரில் காலம் தள்ளுகிறவள், ஒரு ஆள் வாய்விட்டுக் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. இப்போதாவது எழுந்து போய்ச் சொல்லலாம் என்றால் எழுந்திருக்க முடியாது, நடந்தால் தரை அதிரும், அளவு கெடும். உட்கார்ந்த இடத்திலிருந்தே சொல்லலாம் என்றால் பேசக் கூடாது. பேசக் கூடாது என்று சட்டம் போட்டது யார், நான்தான். முதல் தடவை வந்தபோது சேல்ஸ் மேனேஜர் ஒருவர் என் காதுக்குப் பின்னால் நின்று வளவள என்று பேசிக்கொண்டே இருந்தார். எரிச்சலில், சார் பேசினா அளவு கெட்டுப்போகும் என்றேன். வடிகட்டின பொய். கருவி பார்ப்பது வெளிச்சத்தை, பேச்சை அல்ல. மேனேஜர் வாயை மூடிக்கொண்டு போனார், அடுத்த வருடம் வேலையை விட்டே போனார். ஆனால் அன்றைக்குப் பம்புப் பக்கம் நின்றிருந்த நாச்சிமுத்து அதைக் கேட்டுக்கொண்டார். மறுதடவை வந்தால் தூணில் ஒரு தகரம் தொங்குகிறது, மஞ்சள் பெயின்டில் அவரே எழுதியது. அளவை நடக்கிறது. நடக்காதீர். பேசாதீர். சிரிப்பை அடக்கிக்கொண்டு, இது சும்மா சொன்னது என்று அன்றைக்கே சொல்லியிருக்கலாம். கௌரவம் விடவில்லை. அதற்கப்புறம் சொல்ல மனசு வரவில்லை, ஏனென்றால் அந்த முப்பத்தெட்டு நிமிடம் எனக்குப் பிடித்துப்போயிற்று. எதிரே ஒரு ஆள் கையை மடியில் வைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருப்பார், நான் பார்க்கலாம், பார்ப்பது வேலை போலவே இருக்கும். இன்றோடு பன்னிரண்டு தடவை. எல்லாவற்றையும் கூட்டினால் ஒரு ஷிஃப்ட்டுகூட முழுசாக வராது.

நாற்பத்தொன்றாவது புள்ளி. பச்சை. பச்சை வருவதற்கு அவருடைய திருநீறுதான் காரணம். கறுப்புப் பெயின்ட் வெளிச்சத்தைக் குடித்துவிடும், திருப்பித் தராது, அதற்கென்று வெள்ளை ஸ்பிரே ஒன்று உண்டு, இரண்டாவது தடவை வந்தபோது அது தீர்ந்துபோய் நான் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தேன். "வெள்ளையாப் பூசோணுமுங்களா?" என்று கேட்டார். சட்டைப் பையிலிருந்து ஒரு பொட்டலத்தைப் பிரித்து, நாலு விரலால் பம்பின் மேல் தேய்த்தார், சாமிக்குப் பூசுகிற மாதிரி நிதானமாக. பொட்டு அதில் விழுந்ததும் திரையில் கோடு நிரம்பி நின்றது, ஸ்பிரேக்குக்கூட அப்படி நின்றதில்லை. அன்றிலிருந்து என் கைப்பையில் ஜெபப் புத்தகத்துக்குப் பக்கத்தில் ஒரு பொட்டலம் திருநீறு கிடக்கிறது. எங்கள் பாஸ்டரம்மா ஒரு தடவை பார்த்துவிட்டு, இது என்ன எஸ்தர் என்றார்கள். ஆபீஸ் சாமான் என்றேன். பொய்யில்லையே. இப்போது அவர் கையைப் பார்க்கிறேன், இடது கட்டைவிரல் நகத்தில் இன்னும் வெள்ளை ஒட்டியிருக்கிறது. அந்தக் கைதான் போன டிசம்பரில் என் பக்கம் நீண்டது. ஒயர் காலில் மாட்டித் தடுக்கி விழப்போனேன். சடாரென்று கையை நீட்டினார், ஒரு சாண் இருக்கும்போது கை அப்படியே நின்றுவிட்டது. பிடிக்கவில்லை. "பாத்து அம்மிணி," என்றார். நான் குழாயைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தேன். உடனே, "பாத்து வாங்க மேடம்," என்று திருத்திக்கொண்டார். பதினோரு மாதமாக அந்த அம்மிணியை வைத்துக்கொண்டு நான் படுகிற பாடு எனக்குத்தான் தெரியும். அன்றைக்கு சாயங்காலமே பஸ்ஸில் கண்டக்டர், அம்மிணி முன்னால போங்க என்றான். ஸ்டேஷனில் பூக்காரி, அம்மிணி ஒரு முழம் வாங்கிக்க என்றாள். அப்படியானால் இந்த ஊரில் அது எல்லோருக்கும் சொல்கிற சொல், அக்கா, தங்கச்சி, ஏம்மா என்கிற மாதிரி, அதில் ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லை என்றால் ஏன் திருத்தினார். கேன்டீன் சரசக்காவை அவர் அக்கா என்கிறார், ஆபீஸ் பெண்களைப் பாப்பா என்கிறார், ஒருத்தியையும் அம்மிணி என்று நான் கேட்டதில்லை. கேட்டதில்லை என்றால், நான் வருடத்துக்கு இரண்டு நாள் வருகிறவள், எத்தனை கேட்டிருப்பேன். இப்படித்தான், சுற்றிச் சுற்றி அதே இடத்தில் வந்து நிற்கும். அந்த ஒரு சாண் எனக்குத் தீரவே மாட்டேன் என்கிறது. பிடித்திருந்தால் அன்றோடு போயிருக்கும், தேங்க்ஸ் சொல்லியிருப்பேன், மறந்திருப்பேன். பொய், மறந்திருக்க மாட்டேன்.

பன்னிரண்டு ஐம்பது. நூற்று நாற்பத்திரண்டு, பாதி ஆயிற்று. தொடாமல் பார்த்துக்கொண்டே இருக்கும்போது அப்பா ஞாபகம் வருகிறது, ஏன் என்று தெரியும். பதினோரு வருடம் அப்பா படுக்கையில். பேச்சு போய்விட்டது, வலது பக்கம் போய்விட்டது. தினமும் விடிந்ததும் அறை வாசலில் நின்று போர்வையைப் பார்ப்பேன். தொட்டால் விழித்துக்கொள்வார், விழித்துக்கொண்டால் அன்று பூரா அழுவார், அதனால் தொடாமல், வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு, நெஞ்சுக்கு மேல் போர்வையில் இருக்கிற ஒரு மடிப்பை மட்டும் பார்ப்பேன். ஏறுகிறதா. ஏறினால் இன்றைக்கு வேலைக்குப் போகலாம். இந்தத் தொழிலை நான் படித்தது கல்லூரியில் இல்லை, அந்த வாசலில். ஒரு நாள் ஏறின மாதிரியும் இருந்தது, ஏறாத மாதிரியும் இருந்தது. வெகு நேரம் நின்றேன். அசைந்தது போர்வை இல்லை, நிலையைப் பிடித்திருந்த நான்தான் என்று அப்புறம் தெரிந்தது. அப்பா போன பிறகும் கொஞ்ச நாள் அந்த வாசலில் போய் நின்றிருக்கிறேன், மடித்து வைத்த போர்வையைப் பார்த்துக்கொண்டு. பெண் கேட்டு வந்தவர்கள் இரண்டு பேர், அப்பாவை எங்கே வைப்பீர்கள் என்று கேட்டுவிட்டுப் போனார்கள். அவர்களைக் குறை சொல்லவில்லை. தொடுவது எனக்குத் தெரியாததில்லை, ஒரு முழு மனுசனைப் புரட்டி, துடைத்து, தூக்கி உட்கார வைத்த கை இது. ஆனால் என்னை யாராவது தொட்டு எத்தனை காலம் ஆயிற்று என்று யோசித்தால் பகீர் என்கிறது. டாக்டர் நாடி பார்த்தது, டிக்கெட் கொடுக்கும்போது விரல் பட்டது, அவ்வளவுதான். அப்பா இறந்து அடுத்த தடவை வந்தபோது நாச்சிமுத்து ஒரு வார்த்தையும் விசாரிக்கவில்லை. எனக்குக் கோபம்கூட வந்தது. உட்காரப் போனால் வழக்கமான ஸ்டூல் இல்லை, ஆபீஸிலிருந்து சாய்வு நாற்காலி ஒன்று கொண்டுவந்து போட்டிருந்தார். அதற்கு எட்டு வருடம் முன்னால் அவர் மனைவி இறந்தபோது அவருக்கு யார் நாற்காலி போட்டார்களோ. நான் சாய்ந்து உட்கார்ந்து, முப்பத்தெட்டு நிமிடமும் சத்தம் வராமல் அழுதேன். அவர் பம்பையே பார்த்துக்கொண்டிருந்தார். நல்ல வாய்ப்புதானேயாம்.

ஒன்று மூன்று. இன்னும் நாற்பத்தாறு புள்ளி. ராஜ்கோட்டுக்கு என்னைக் கூப்பிட மாட்டார்கள், அங்கே அளக்க அங்கேயே ஆள் இருக்கும். அடுத்த தடவை நான் வரும்போது இந்த மரப்பெட்டி மேல் வேறு யாராவது உட்கார்ந்து செல்ஃபோனை நோண்டுவார்கள். அவர் அங்கே தனியாகச் சமைத்துக்கொள்வார், கடைக்காரனிடம் ஏனுங்க என்பார், அவன் முழிப்பான். சொல்லிவிடலாம். போகாதீங்க. ஒரே வார்த்தை. எதற்கு என்று கேட்டால். எந்த உரிமையில் என்று கேட்டால். அப்படிக் கேட்கிற ஆள் இல்லை, அதைவிட மோசமாக, அந்தப் பார்வையைக் கீழே போட்டுக்கொண்டு, தப்பா எடுத்துட்டீங்க மேடம் என்று மரியாதையாகச் சொல்லிவிட்டால் நான் அப்படியே தரைக்குள் போய்விட வேண்டியதுதான். காலையில் கேட்டது வெறும் பேச்சுக்குக் கேட்டதாக இருக்கலாம். இரைச்சலைப் போய் செய்தி என்று எடுத்துக்கொள்கிற பைத்தியங்களை நான் எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன், ரிப்போர்ட்டில் சிவப்பு மையால் அடித்திருக்கிறேன். இந்தக் கருவியிலும் ஒரு பித்தலாட்டம் உண்டு. இது பம்பு மட்டும் அசைவதை அளப்பதில்லை, கருவிக்கும் பம்புக்கும் நடுவில் இருக்கிற தூரம் அசைவதை அளக்கிறது. கருவி ஆடினாலும் பம்பு ஆடியதாகத்தான் எழுதும், அதற்கு வித்தியாசம் தெரியாது. அதனால்தான் முதல் புள்ளியைப் பம்பில் வைப்பதில்லை, பின்னால் நிற்கிற கட்டிடத் தூணில் வைப்பேன். தூண் அசையாது. தூண் அசைந்ததாக வந்தால் அசைந்தது நாம். இதை ஒரு தடவை அவரிடம் சொன்னபோது, "அப்ப அதுதான் சாட்சிங்களா," என்றார். அதிலிருந்து எங்கள் இரண்டு பேருக்கும் அது சாட்சிப் புள்ளி. என் ஆபீஸில்கூட அப்படித்தான் எழுதுகிறேன், யாருக்கும் புரிவதில்லை. இன்றைக்குச் சாட்சிப் புள்ளியின் கோட்டை நான் பார்த்தேனா. பச்சை வந்ததைப் பார்த்தேன். கோட்டைப் பார்க்கவில்லை. திரையைப் பார்க்க வேண்டியவள் யாரைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று கேட்டால் பதில் இருக்கிறது.

ஒன்று ஒன்பது. கடைசிப் புள்ளியும் பச்சையானது. நான் கையைத் தூக்கினேன், அவர் எழுந்து ஸ்விட்சை அணைத்தார், பம்பு இறங்கி இறங்கி நின்றது. திரையில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். பம்பின் நடுக்கம் இருக்கிறது, அதற்கு அடியில் இன்னொன்று, மெதுவாக, விடாமல், நிமிடத்துக்குத் தொண்ணூற்றாறு. மேலே, கீழே, கழுத்தில், வயிற்றில், எல்லாப் புள்ளியிலும் அதே தொண்ணூற்றாறு. தூணிலும். "தூண் ஆடுதே," என்றேன். அவர் சுற்றிக்கொண்டு வந்து என் தோளுக்குப் பின்னால் ஒரு சாண் தள்ளி நின்று திரையைப் பார்த்தார். "தூண் ஆடாதுங்க மேடம்," என்றார் நிதானமாக. "முட்டியப் பாருங்க." பார்த்தேன். மடக்கின முட்டி ஸ்டாண்டின் கால் மேல் அழுத்தமாகச் சாய்ந்திருக்கிறது, இப்போதும். இருபது வருட அனுபவம். முதல் நாள் வேலைக்கு வருகிற பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கிற பாடம். இருநூற்றெண்பத்தாறு இடத்தில் என் நெஞ்சு அடித்துக்கொண்டதைத்தான் அளந்து வைத்திருக்கிறேன். முகம் சுட்டது. "எப்பப் பாத்தீங்க?" என்றேன். "மொதப் புள்ளியிலயே பாத்தனுங்க." "பாத்துட்டு சும்மா இருந்தீங்களா? ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" அவர் தூணில் தொங்குகிற தகரத்தைக் காட்டினார். பேசாதீர். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை, அவர் மேல் இல்லை, அந்தத் தகரத்தின் மேல், ஆறு வருடத்தின் மேல். "அது பொய்," என்றேன். "பேசினா ஒண்ணும் ஆகாது. அன்னிக்கு அந்த மேனேஜரை விரட்டணும்னு சும்மா சொன்னேன். நீங்க அதைப் போய் எழுதி வேற மாட்டிட்டீங்க." இத்தனை நாள் என்னை ஏமாற்றினீர்களா என்று கேட்பார் என்று காத்திருந்தேன். "தெரியுமுங்க," என்றார். "ஒருவாட்டி நீங்க காய்ச்சல்னு வரலீங்களே, அப்ப உங்க ஆபீஸ்ல இருந்து ஒருத்தரு வந்தாரு. அளக்கறப்பப் பூராவும் கிரிக்கெட்டுப் பேசிட்டேதானுங்க இருந்தாரு. அளவு சுத்தமா வந்துச்சு."

எனக்குப் புரிய நேரம் பிடித்தது. காய்ச்சல் வந்தது போன ஜூனுக்கு முந்தின ஜூன். அப்படியானால் ஒன்றரை வருடமாகத் தெரியும். தெரிந்தும் வந்து உட்கார்ந்திருக்கிறார், வாயைத் திறக்காமல், கையை மடியில் வைத்துக்கொண்டு, முப்பத்தெட்டு முப்பத்தெட்டு நிமிடமாக. தகரத்தைக் கழற்றவில்லை. சரி, அது இருக்கட்டும். பேசலாம் என்று தெரிந்த ஆள், முட்டியைப் பார்த்த ஆள், இன்றைக்கு ஏன் சொல்லவில்லை. கெட்டுப்போகும் என்று தெரிந்தேதான் கெட விட்டிருக்கிறார். கேட்டேன், பாதிதான் கேட்டேன். "அப்போ ஏன்..." அவர் சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தார். ஒன்று பன்னிரண்டு. "இன்னொருக்கா அளக்கோணுமில்லீங்களா," என்றார். போய் இன்டர்காமை எடுத்துப் பிரஸ் ஷெட்டுக்குப் பேசினார். "ஏனுங்க, ரெண்டேகால் வரைக்கும் பிரஸ்ஸப் போட்டுறாதீங்க. மேடம் மறுக்கா அளக்கறாங்க. ஆமாங்க, நானும் இங்கதான் இருப்பேன்." நான் பொட்டலத்தைப் பிரித்துத் தூணிலும் பம்பிலும் அழிந்த இடத்தில் திருநீறு பூசினேன். "ஒண்ணு மட்டும் நிஜம்," என்றேன் அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. "நடக்கக் கூடாது. நடுவில எந்திரிச்சுப் போனா எல்லாம் கெட்டுடும். பேசலாம்." "அங்க இருந்து பேசினா பம்புச் சத்தத்துல கேக்காதுங்களே," என்றார். மரப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார், குழாய்க்கும் என் ஸ்டூலுக்கும் நடுவில் இருந்த கொஞ்ச இடத்தில் கவிழ்த்துப் போட்டார், பம்பைப் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார். நடுவில் ஒரு சாண்கூட இல்லை. ஒன்று இருபத்தைந்து. சிவப்புப் பொட்டு தூணில் விழுந்தது. கோட்டைப் பார்த்தேன், நேராகக் கிடந்தது, தூண் நின்ற இடத்தில் நின்றது. முட்டியை இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்துக்கொண்டேன். "காலையில நீங்க கேட்டதுக்கு நான் சொன்னது பதிலில்லை," என்றேன். அவர் சட்டைப் பையிலிருந்த கடிதத்தைத் தொட்டுப் பார்க்கவில்லை, கடிகாரத்தையும் பார்க்கவில்லை. கணக்கைப் போட்டு முடித்துவிட்டுத்தான் வந்து உட்கார்ந்திருக்கிறார். "ரெண்டு மணி அடிக்கறப்ப இன்னும் இருவத்திநாலு புள்ளி பாக்கி இருக்குமுங்க," என்றார். "மெதுவாச் சொல்லுங்க அம்மிணி."